கடல் காற்றும் சங்கீதாவின் இருமலும்

சங்கீதாவின் இருமல் எதனால் நின்றது? உத்திரமேரூரில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். வெயில் ஏறினால் ஓசோன் என்ன ஆகும், மேகம் கூடினால் என்ன ஆகும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒரு நாள் ஒரு காரணம் சரியென்று படும். மறுநாள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அது எப்படிச் சரியாகும் என்று நானே என்னை மறித்துக் கேட்பேன்.

என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள் வனிதா. போன வாரம் போன் செய்து, "அக்கா, மெஷின எப்படித் தொடைக்கறதுன்னு புக்ல கீது. சாயங்காலம் நம்பர் ஏன் எகிறுதுன்னு புக்ல இல்ல. நீங்க எழுதிக் குடுத்தா படிச்சிக்கினு போவேன்" என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல் நான் எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எனக்கு வயது முப்பத்திரண்டு. யாழினி பிறந்ததும் வேலையை விட்டேன். மின்சாரம் போனால் எந்த நேரமானாலும் நிலையத்துக்கு ஓடவேண்டிய வேலை அது. கைக்குழந்தைக்கு அந்த நியாயமெல்லாம் புரியாது. விட்டது சரிதானா என்று கேட்டால் அதற்கும் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். அவற்றை இங்கே கொண்டுவரப் போவதில்லை.

சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்துதான் என்னை வேதியியல் படிக்க வைத்தார்கள். பிறகு சென்னையில் கொஞ்ச காலம் பயிற்சி. அங்கே நான் கற்றதில் பாதி, மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதுதான். பயிற்சி முடிந்ததும் உத்திரமேரூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிலையம் என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். ஒரு பெண்கள் பள்ளியின் மொட்டை மாடியில் ஏசி போட்ட ஒரு தகரக் கொட்டகை. கூரைக்கு மேலே காற்றை உறிஞ்சும் குழாய். அதன் வாயில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஒரு மூடி. பக்கத்தில் ஒரு கம்பத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பிக் காட்டும் முள். அந்த முள்ளின் மேல் தினமும் ஒரு காக்கை வந்து உட்காரும். அது உட்கார்ந்திருக்கும்வரை எங்கள் ஊருக்குக் காற்று ஒரே பக்கமிருந்துதான் வீசும். காலையில் என் முதல் வேலை அதைக் கைதட்டி விரட்டுவது. பிறகு குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். வடிகட்டித் தாளை மாற்றுவேன். அந்தத் தாளை விரலால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். அழுக்குப் படிந்த தாள் ஓசோனைத் தானே தின்றுவிடும். காற்று கெட்டிருந்தாலும் நல்ல எண்ணாகக் காட்டும். அதனால் புதுத் தாள் வைத்த பிறகும், மாற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, பாதி மாடிப்படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பேன்.

எனக்கு மேலதிகாரி பாஸ்கரன் சார். செங்கல்பட்டிலிருந்து வண்டியில் வருவார். சித்திரை வெயிலிலும் வண்டிப் பெட்டியில் மழைக்கோட்டு இருக்கும். கருவியைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் விசாரிப்பு அதனிடம்தான்: "இன்னா தலைவரே, உடம்பு சுகமா?" அதன் விளக்கு எவ்வளவு வெளிச்சமாக எரிகிறது, பம்பு எவ்வளவு இழுக்கிறது, உள்ளே எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துத் தலையாட்டிய பிறகே என் பக்கம் திரும்புவார்.

எண் ஏதாவது விநோதமாக வந்துவிட்டால், நான்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று உடனே தீர்மானித்துவிடுவேன். அவர் வரிசையே வேறு. "மொதல்ல மெஷின சந்தேகப்படு. அப்புறம் வானத்த. ரெண்டும் சுத்தம்னு தெரிஞ்சப்புறம் உன்ன சந்தேகப்படலாம். அதுக்கு இன்னும் நேரம் கீதும்மா." இதைச் சொல்லிவிட்டுத் தயிர்சாத டப்பாவைத் திறப்பார். கொட்டகைக்கு வெளியே மாடி நிழலில்தான் சாப்பிடுவார். தலைவர் இருக்கும் அறையில் ஊறுகாய் வாசனை கூடாதாம்.

ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகையும் தொழிற்சாலைப் புகையும் வெயிலில் கிடந்து வெந்து அது உண்டாகிறது. வானம் வெளுத்து, சூடு ஏறி, காற்று அசையாமல் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். மேகம் மூடினால் அடங்கும். மழை பெய்தால் அன்றைக்கு எனக்கு வேலையே இல்லாததுபோல எண் தரையோடு படுத்திருக்கும். புதுப்புகை ஓசோனைத் தின்றுவிடும் என்பதால், நெரிசலான சாலையோரத்தைவிட அங்கிருந்து காற்று அடித்துக்கொண்டுவரும் கிராமத்தில் அது கூடுதலாக இருக்கும் நாளும் உண்டு. உயரே வானத்தில் இருக்கும்போது நம்மைக் காக்கும் அதே பொருள், மூக்கருகில் வந்தால் மூச்சுக்குழாயை எரிக்கும். இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், நம் சொந்தக்காரர்களில் சிலரைப்போல என்றார்.

நான் சொல்லவந்த கோடை இனிதான் வருகிறது.

உத்திரமேரூர் பக்கம் கோடையில் ஒரு பழக்கம் உண்டு. பகல் முழுவதும் மேற்கிலிருந்து அனல் வீசும். பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். நாலு மணி வாக்கில் காற்று திரும்பும். கிழக்கே கடல் இருக்கும் திசையிலிருந்து சில்லென்று ஒரு வீச்சு வரும். "கடல் காத்து எறங்கிச்சி" என்று தெருவில் குரல் கேட்கும். அவ்வளவுதான், அடைத்துவைத்த பிள்ளைகள் எல்லாம் தெருவில். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அந்தக் காற்றைவிட நல்ல காற்று உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை ரோஸ்லின் டீச்சர், மே விடுமுறையில் பெண்களுக்குக் கபடிப் பயிற்சி வைத்திருந்தார். ஜூலையில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி. அவருக்குக் கடிகாரம் தேவையில்லை. கைப்பந்துக் கம்பத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார். அது மேற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கியதும் விசில். பிள்ளைகளுக்கு வெயில் தாக்கக்கூடாது என்ற அக்கறை அவருக்கு. மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். விசில் ஊதிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் என் திரையில் ஓசோன் எண் ஏறும். அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாளும்.

கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். அணியில் சங்கீதா என்று ஒன்பதாம் வகுப்புப் பெண். கபடி பாடி எதிரணிக்குள் போவதில் அவளுக்கு இணை கிடையாது. ஆனால் சில நாள் பாதி ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து இருமுவாள். டீச்சர் முதலில் சோம்பல் என்று நினைத்தார். வீட்டில் அவள் அப்பா, ஆட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். "எங்க நைனா நிறுத்திடுவாருக்கா. நிறுத்திட்டா திரும்ப வுடமாட்டாரு" என்று ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னாள். இருமலைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அணியில் இடம் போய்விடுமோ என்பதே பயம்.

பாஸ்கரன் சாரிடம் சொன்னேன். மைதானத்துப் புழுதியால் எண் ஏறுமோ என்று கேட்டேன். புழுதிக்கும் ஓசோனுக்கும் ஆகாதும்மா, புழுதி வந்தா கொறையத்தான் செய்யும் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கடல் காற்று ஈரக்காற்றாயிற்றே என்றார். ஈரம் திடீரென்று உள்ளே போனால் கருவியின் ஒளி தடுமாறி, இல்லாத ஓசோனை இருப்பதாகக் காட்டலாம். ஆக முதல் சந்தேகம் தலைவர்மேல்.

சோதனை எளியதுதான், ஆனால் நேரம் தப்பக்கூடாது. கரித்தூள் அடைத்த டப்பா ஒன்று உண்டு. அதன் வழியாகக் காற்றை இழுத்தால் ஓசோன் முழுக்கக் கரியில் தங்கிவிடும்; ஈரம் மட்டும் உள்ளே போகும். கடல் காற்று இறங்கும்போது அந்த டப்பாவை மாட்டவேண்டும். எண் பூஜ்யத்துக்கு இறங்கினால் கருவி உண்மை சொல்கிறது. இறங்காவிட்டால் ஈரம் ஏமாற்றுகிறது.

அன்று மூன்று மணியிலிருந்து நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பதுபோலக் காற்றுக்குக் காத்திருந்தோம். காற்று முள் மேற்குப் பக்கமே முறைத்துக்கொண்டிருந்தது. சார் வானத்தைப் பார்த்தார், தென்னங்கீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணு பாக்க வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறவன் மாதிரி பண்ணுது பாரு." சொல்லி முடிக்கவில்லை, முள் தடுமாறியது, ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கைப் பார்த்து நின்றது. வியர்வையில் சில்லென்று பட்டது. கீழே விசில் கேட்டது. நாங்கள் கொட்டகைக்குள் ஓடினோம்.

எண் ஏறத் தொடங்கியிருந்தது. சார் தலையசைத்ததும் டப்பாவை மாட்டினேன். எண் இறங்கியது. இறங்கி, இறங்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. டப்பாவைக் கழற்றினேன். மறுபடி ஏறியது. இன்னொரு முறை மாட்டச் சொன்னார். அதேதான். வெளியே காற்று அவ்வளவு சுகமாக இருந்தது, உள்ளே எண் அப்படி ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷப்படலாமா என்றே தெரியவில்லை. என் கருவி சரி, நான் சரி. ஆனால் கீழே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவர் சுத்தம். இனிமே வானம்" என்றார் சார். அடுத்து வந்த நாட்களில் நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையிலிருந்து மேகமூட்டம். மாலையில் கடல் காற்று வழக்கம்போல வந்தது, எண் அசையவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அப்போதும் அடக்கம். வானம் வெளுத்து எரித்த நாட்களில் மட்டும் அந்த ஏற்றம். காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று நகரத்துப் புகையைக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. அது பகலெல்லாம் வெயிலில் வேகிறது. வெந்ததைக் கடல் காற்று சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருகிறது. சார் இப்படித்தான் விளக்கினார். அந்தப் படியில் சங்கீதா உட்கார்ந்து இருமிய நாட்களும் பெரும்பாலும் அவையே. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எல்லாம் அல்ல.

ரோஸ்லின் டீச்சரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வர இரண்டு நாளாயிற்று. கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கடல் காத்த குத்தம் சொன்ன மொத ஆளு நீதாம்மா. ஊரே அதுக்குக் காத்துக்கினு கீது."

"காத்து நல்லதுதான் டீச்சர். அது தூக்கிக்கினு வர்றதுதான்..."

"சரி, எப்ப வெளையாடறது? அதச் சொல்லு."

விடியற்காலையில் என்றேன். இரவெல்லாம் வெயில் இல்லை, இருந்த ஓசோனும் தரையிலும் இலையிலும் படிந்து குறைந்திருக்கும். சொன்ன உடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடியற்காலையில் காற்று தாழ்ந்து நிற்கும். அடுப்புப் புகை, குப்பைப் புகை மேலே போகாமல் அங்கேயே தங்கும். மைதானத்து ஓரத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் அந்த நேரத்தில்தான். இதையும் சொன்னேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒரு வழி சொல்லு, இல்ல ஒரு வலி சொல்லு. ரெண்டையும் ஒண்ணா சொல்லாத" என்றவர், அன்றே சருகு கொளுத்துவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். சருகெல்லாம் பள்ளித் தோட்டத்துக் குழிக்குப் போயிற்று.

தாய்மார்களை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. காலையில் அவர்கள் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் பிடிப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் இந்தப் பெண்கள் வேலை. சங்கீதாவின் அம்மா அஞ்சலை எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டார்: "காலைல இவ ஆடப் போய்ட்டா சின்னத யாரு பாக்கறது? உங்க மெஷின் பாக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "கூட்டிக்கினு வரட்டும்" என்றார். அப்படித்தான் முடிவாயிற்று. அஞ்சலை மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மாதம் முடியும்வரை பார்ப்பார்; அதற்குள் மறுபடி மூச்சு இழுத்தால் மகளை நிறுத்திவிடுவார். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று நான் கெஞ்சினேன். காட்டினார்கள். டாக்டர் மூச்சு உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்து, ஓடும் முன் எடுக்கச் சொன்னார். கொளுத்தும் நாளில் பிற்பகலில் ஓடவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த விடியற்காலைகளை நினைத்தால் இப்போதும் முகம் மலர்கிறது. வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஏழெட்டுச் சின்னஞ்சிறுசுகள். ஒன்று தூங்கும், ஒன்று அழும், ஒன்று கோட்டுக்குள் தவழ்ந்து வந்து ஆட்டத்தை நிறுத்தும். பாடிப்போன பெண் எதிரணியைத் தொடுவதற்குப் பதில் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்புவாள். டீச்சர் அதையும் ஒரு புள்ளியாகக் கொடுத்தார். அஞ்சலையே வேலைக்குப் போகும் வழியில் நாஷ்டா தூக்கோடு நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். நான் காக்கையை விரட்ட வேண்டிய நேரத்தைவிடச் சீக்கிரமே வந்து மாடியில் நின்று ஒரே ஒருத்தியின் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் இரண்டொரு தடவை இருமினாள். பிறகு குறைந்தது. மாதம் முடிந்தது. அஞ்சலை மகளுக்குப் புது ரப்பர் செருப்பு வாங்கிக்கொடுத்தார்.

குறுவட்டப் போட்டி வேறு ஊரில், இறுதி ஆட்டம் சரியாகச் சாயங்காலம். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்ததைப் பார்த்ததும் சாருக்குப் போன் செய்தேன். விடுப்பு போட்டுட்டுப் போய்ட்டு வா, தலைவர நான் பாத்துக்கறேன் என்றார். பஸ்ஸில் போகும்போதே மேற்கே மேகம் திரண்டது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வெயில் என்பதே இல்லை. மாடியிலிருந்து சார் போனில் எண்ணைச் சொன்னார். தாழ்ந்திருந்தது. பத்துப் பதினைந்து கல் தள்ளியிருக்கும் எங்கள் மாடியின் எண்ணை நம்பி இந்த மைதானத்தில் நிம்மதியாக இருக்கலாமா என்று யோசித்தேன். மேகம் இரண்டுக்கும் பொதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். கடைசிப் பாட்டில் சங்கீதா திரும்பும்போது நடுக்கோட்டைத் தொட்டாள், நடுவர் இல்லை என்றார். அதன்பிறகு நடந்ததுதான் என் வேலைக் காலத்தின் மிகச் சிறந்த அளவீடு. அவள் நடுவர் முன்னால் போய் நின்று, தூறல் விழத் தொடங்கியதையும் பொருட்படுத்தாமல், எங்கே கால் வைத்தாள், எந்தக் கை கோட்டைத் தாண்டியது, அவர் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று மூச்சு விடாமல் சண்டை போட்டாள். நீளமான சண்டை. ஒரு இருமல் இல்லை. ரோஸ்லின் டீச்சர் அவளை இழுத்துவர மறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அஞ்சலை, "இன்னா வாய் பாரேன்" என்று மகளைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை வலுத்தது. இரண்டாம் இடக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

எதனால் நின்றது? நேரம் மாறியதாலா, மருந்தாலா, சருகுப் புகை போனதாலா, விடியற்காலை ஈரத்தில் புழுதி அடங்கியதாலா? ஒரே சமயத்தில் இத்தனையையும் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் எந்தக் கருவியும் சொல்லாது. சாரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் நிறுத்திட்டுத் திரும்ப இருமுதான்னு பாக்கலாமா?" என்றார். ஐயோ, வேண்டாம் சார் என்றேன்.

அந்த ஜூலைக்குப் பிறகு ரோஸ்லின் டீச்சர் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். கோடை நாட்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு வானத்தையும் காற்றையும் எண்ணையும் பார்த்து அன்றைய சாயங்காலத்துக்கு நான் ஒரு சொல் எழுதவேண்டும். நான் வேலையை விட்ட பிறகும் அந்தப் பொறுப்பை டீச்சர் என்னிடமிருந்து எடுக்கவில்லை. வனிதா போனில் விவரம் சொல்கிறாள், யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் யோசித்துச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். மேகமோ மழையோ என்றால் 'ஓடலாம்'. வெளுத்து எரிக்கும் நாளென்றால் 'இன்று நிழலில்'. இவை இரண்டிலும் சிக்கலில்லை. தெருவில் போகும் தாய்மார்களும் படித்துவிட்டுப் போகிறார்கள்.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் வரும் நாட்கள். மெல்லிய மேகம், கொஞ்சம் சூடு, காற்று எப்போது திரும்புமென்று தெரியாத நாள். ஒருமுறை 'கொஞ்சம் ஓடலாம்' என்று எழுதச் சொன்னேன். அஞ்சலை வனிதாவை நிறுத்தி, கொஞ்சம்னா எந்த மரம் வரைக்கும் என்று கேட்டாராம். இன்னொரு நாள் 'எச்சரிக்கை' என்று எழுதினோம். அன்றைக்கு மைதானத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை. மறுநாளும் நாலு பேர் வரவில்லை. அதில் இரண்டு பேரைத் திரும்ப அழைத்துவர டீச்சர் வீடு வீடாகப் போகவேண்டியிருந்தது. வயசுப் பெண்களை வீட்டில் நிறுத்திக்கொள்ள எங்கள் பக்கம் பெரிய காரணம் தேவையில்லை. வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய ஒரு சொல் போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதனால் வனிதாவுக்காக எழுதத் தொடங்கியதைப் பத்திரிகைக்கே அனுப்பி, இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். ஆசிரியர்கள், மருத்துவர்கள், பிள்ளை பெற்றவர்கள் யாராக இருந்தாலும் சரி. மூச்சிழுப்பு உள்ள பிள்ளை மட்டும் அன்றைக்கு மெதுவாக ஆடவேண்டும், மற்றவர்கள் வரலாம், யாரும் பயந்து வீட்டில் தங்கிவிடக் கூடாது. இவ்வளவையும் ஒரு தாய் நடந்துகொண்டே படிக்கும்படி எப்படி எழுதுவது? உங்களுக்குத் தோன்றும் சொல்லை இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு வரிக்குமேல் பலகையில் இடமில்லை.